கழிவுத் தொட்டியும் கேஸ் என்ற சொல்லும்

ராசிபுரத்துக்கு வெளியே, நாமகிரிப்பேட்டைச் சாலையை ஒட்டியிருந்த ஒரு ஜவ்வரிசி ஆலையில் சுகன்யா பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் வந்து நின்றதும் ஒரு கூடை எடுத்து எடை போட்டு, நூற்றுக்கு எத்தனை பாயிண்ட் மாவு தேறும் என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை. வேதியியல் படித்தவள் என்பதால் ஆலையில் எழுத்து வேலை எது வந்தாலும் அவள் மேசைக்கே வந்து சேரும்.

அந்த மார்கழியில் அப்படி வந்தது ஓர் அறிவிப்புப் பலகை. சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர், கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் தமிழில் எச்சரிக்கை எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நாலு வரி எழுதிக் குடு அம்மிணி. மத்தியானம் போர்டுக்காரன் வாரான்" என்றார் மேனேஜர் கண்ணுசாமி.

நாலு வரிதானே என்று உட்கார்ந்தவள் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். கேஸ் என்று எழுதுவதா, வாயு என்று எழுதுவதா? கேஸ் என்றால் கிழங்குத் தோலுரிக்கும் பெண்களுக்கு அடுப்புச் சிலிண்டர் ஞாபகத்துக்கு வரும். கண்ணுசாமிக்கோ கோர்ட்டு ஞாபகம் வரும். ஓடையில் கழிவுநீர் விட்டதாக ஆலை மேல் ஏற்கனவே ஒரு கேஸ் நடந்துகொண்டிருந்தது. வாயு என்றாலும் அதே கதைதான். முழங்கால் வலித்தால் வாயு, நெஞ்சு கரித்தால் வாயு, மொச்சைக் குழம்பு தின்றால் வாயு. வீசுவது என்ற பொருளில் வடமொழியில் பிறந்து, தேவனாகவும் இருந்த சொல், இங்கே வந்து வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டது.

கேஸ் என்ற சொல்லாவது எங்கிருந்து வந்தது என்று செல்போனில் தேடிப் பார்த்தாள். நானூறு வருஷத்துக்கு முன்னால் பெல்ஜியம் பக்கம் ஹெல்மாண்ட் என்று ஒரு மருத்துவர் இருந்திருக்கிறார். அறுபத்திரண்டு பங்கு கரியை எரித்தால் ஒரு பங்கு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மிச்சமெல்லாம் எங்கே போனது என்று யோசித்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாமல் போன அந்தப் பொருளுக்கு அதுவரை பெயரில்லை. எந்தப் பாத்திரத்திலும் அடங்காத காட்டு வஸ்து என்று சொல்லி, கேயாஸ் என்ற பழைய கிரேக்கச் சொல்லைத் தன் நாட்டு உச்சரிப்பில் மாற்றி 'கேஸ்' என்று பெயர் வைத்தாராம். கேயாஸ் என்றால் இன்றைக்குக் குழப்பம் என்கிறார்கள். ஆதியில் அதற்கு வேறு பொருள்: வாயைப் பிளந்து கிடக்கும் அடியில்லாப் பள்ளம்.

படித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். ஜன்னல் வழியே பார்த்தால் அந்தத் தொட்டி தெரியும். பன்னிரண்டு அடி ஆழம். மேலே மூன்றடிச் சதுரத்தில் ஒரு திறப்பு, அதன்மேல் ஒரு தகர மூடி.

அவள் எழுதிக் கொடுத்தது இது: "அபாயம். தொட்டிக்குள் விஷவாயு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இறங்காதீர். நாற்றம் நின்றுபோனால் கண்டிப்பாக இறங்காதீர். அந்த வாயு மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும்."

கண்ணுசாமி படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "விஷமுன்னு எழுதி வெச்சா கெழங்கு கொண்டாரவன் என்ன நெனப்பான்? ஜவ்வரிசி வாங்கறவன் என்ன நெனப்பான்? அதயெல்லாம் எடுத்துரு."

"எடுத்தா அர்த்தமே போயிருமுங்க சார்."

"ஆபீசர் போர்டு இருக்குதான்னுதான் பாப்பாரு. படிச்சா பாக்கப் போறாரு?"

சுகன்யாவே அந்த வரிகளை அடித்துவிட்டுக் கொடுத்தாள். பலகையில் கடைசியாக வந்தது இரண்டே சொல்: வாயு, கவனம். தொட்டி வேலை பார்க்கும் வெள்ளியங்கிரி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "வாயுக்கு இஞ்சிய நசுக்கிக் குடிச்சாப் போதுமே, போர்டு எதுக்குங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பொங்கலுக்கு ஆலை நான்கு நாள் மூடிக் கிடந்தது. ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய கழிவுநீர் தொட்டிக்குள்ளேயே நின்று புளித்தது. ஐந்தாம் நாள் காலையில் மோட்டாரைப் போட்டால் தண்ணீர் ஏறவில்லை. உறிஞ்சுகுழாயின் அடி வாயிலிருந்த ஃபுட்வால்வில் திப்பி அடைத்துக்கொண்டிருந்தது. அரைத்துப் பிழிந்த கிழங்கின் சக்கை அது. சேறு மாதிரிப் படியும்.

ஒன்பது மணி இருக்கும். சுகன்யா அந்தப் பக்கமாக வந்தபோது தகர மூடி விலகியிருந்தது. மூங்கில் ஏணி உள்ளே இறங்கியிருந்தது. வெள்ளியங்கிரி லுங்கியை வரிந்து கட்டிக்கொண்டு திறப்பின் ஓரத்தில் குனிந்து நின்றான். 

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"தொறந்தப்ப நாத்தம் கொடலப் புடுங்குச்சு அம்மிணி. அதான் பத்து நிமிசம் நின்னு பாத்தேன். இப்பத் துளி நாத்தமில்ல. எல்லாம் வெளிய போயிருச்சு."

அவள் ஓட்டமாக அருகில் வந்தாள். "போகலீங்ணா. உள்ளதான் இருக்குது. உங்க மூக்குதான் செத்துப்போச்சு. எறங்காதீங்க. காத்து அடிக்கற மிசினு ஸ்டோர்ல இருக்குது, சாவி வாங்கியாரேன். நான் வார வரைக்கும் எறங்க மாட்டேன்னு சொல்லுங்க."

"செரி, போய்ட்டு வா சாமி" என்றான் அவன்.

ஏணியை அப்போதே இழுத்துப் போட்டிருக்கலாம். பிற்பாடு எத்தனையோ தடவை அதை நினைத்திருக்கிறாள்.

ஸ்டோர் சாவி இருக்குமிடம் கண்ணுசாமிக்குத்தான் தெரியும். அவர் சேலத்தில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார். போனில் நாதஸ்வரச் சத்தம்.

"சார், தொட்டியில கேஸ் இருக்குதுங்க."

"கேஸா? யாரு குடுத்தா?"

"சார், கேஸுங்க!"

"எந்த ஸ்டேசன்ல? பழைய கேஸா, புதுசா? வக்கீலுக்குப் போன் பண்ணுனியா?"

"கோர்ட்டுக் கேஸ் இல்லீங்க சார்! விஷவாயு! ஆள் எறங்கப் பாக்கறாரு, ஸ்டோர் சாவி எங்கீங்க?"

அவருக்குப் புரிந்து, எந்த மேசை எந்த இழுப்பறை என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு நிமிஷம் ஓடிவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு அவள் திரும்பியபோது திறப்பின் ஓரத்தில் யாரும் இல்லை. ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வெள்ளியங்கிரி முழங்கால் ஆழச் சக்கைத் தண்ணீரில் குப்புறக் கிடந்தான். முதுகு அசையவில்லை.

அவள் போட்ட கூச்சலில் தோலுரிக்கும் கொட்டகையே எழுந்து ஓடிவந்தது. முன்னால் வந்தவன் மாரி, வெள்ளியங்கிரியின் தம்பி. "அண்ணா!" என்று அலறிக்கொண்டு ஏணியில் கால் வைக்கப் போனான்.

இப்படித்தான் ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள் என்பது சுகன்யாவுக்குத் தெரியும். விழுந்தவரைத் தூக்க ஒருவர், அவரைத் தூக்க இன்னொருவர். செய்தியில் எப்போதும் மூன்று பேர், நான்கு பேர் என்றுதான் வரும். அவள் ஏணியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். வழுக்கியது. மறுபடி மார்போடு அணைத்து இழுத்து வெளியே எறிந்தாள். மாரி திறப்புக்குள் குதிக்கத் திரும்பினான்.

"அவனப் புடிங்க! உட்டுறாதீங்க! போனா அவனும் செத்துருவான்!"

நான்கைந்து பெண்கள் அவன் இடுப்பையும் காலையும் கட்டிக்கொண்டார்கள். ஒரு கையை உருவிக்கொண்டு மாரி சுகன்யாவை அறைந்தான். உதடு கிழிந்தது. "எங்கண்ணன் உசுரோட இருக்குது! நீதான்டி கொல்ற!" என்று கத்தினான்.

அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். ஸ்டோரிலிருந்து மிஷினை உருட்டி வந்து, குழாயைத் தொட்டிக்குள் விட்டுக் காற்று அடிக்கச் செய்தாள். முப்பத்தைந்து நிமிஷம் கழித்துத் தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடியும் சிலிண்டருமாக ஒருவர் இறங்கி வெள்ளியங்கிரியின் உடலைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினார். அவ்வளவு நேரமும் மாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயந்தரம் ஸ்டேஷனில் வாக்குமூலம். கண்ணுசாமி அவளைத் தனியாக அழைத்தார். "கால் வழுக்கி உளுந்துட்டாருன்னு மட்டும் சொல்லு அம்மிணி. முதலாளி உன்னையப் பாத்துக்குவாரு. வாயு கீயுன்னு ஆரமிச்சா ஆலையவே மூடிருவாங்க. நூறு குடும்பம்."

அவர் முகம் வெளிறியிருந்தது. பயந்துபோன மனுஷன் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் ஸ்டேஷன் எழுத்தர் கேட்டபோது அவள் முழுவதையும் சொன்னாள். விஷவாயு என்பதை அவர் வெறும் வாயு என்று எழுதியிருப்பதைப் பார்த்து, திருத்தி எழுதச் சொல்லிக் காத்திருந்து, பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். பலகைக்கு முதலில் எழுதியது என்ன, யார் எடுக்கச் சொன்னார், எடுத்துக் கொடுத்தது யார் என்பதையும் சொன்னாள்.

வேலை போயிற்று. நாமக்கல்லில் கோழித் தீவனம் சோதிக்கும் இடத்தில் வேறு வேலை கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது.

மாசிக் கடைசியில் ஒரு நாள் வெள்ளியங்கிரியின் மனைவி ராமாத்தாள் அவள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ரொம்பக் கஷ்டப்பட்டுருப்பாருங்களா?"

"இல்லீங்கக்கா. ரெண்டு மூச்சுதான். அதுக்கு மேல ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"மாரி எறங்கியிருந்தா?"

"ரெண்டு பேரோட ஒடம்பையும் எடுத்திருப்பாங்க."

ராமாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ பண்ணுனது செரின்னு எனக்குத் தெரியுது. அவனுக்குத்தான் சொல்லிப் புரியவெக்க முடியல. ஆனா உன்ற மொகத்தப் பாத்தா எனக்கும் ஆகமாட்டேங்குது அம்மிணி. இனி வரமாட்டேன்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள்: "ஆலயத் தொறந்துட்டாங்க. தொட்டி வேலைக்கு மாரியத்தான் போட்டுருக்கறாங்க. திங்கக்கெழமதோறும் கழுவறானாம்."

அடுத்த திங்கட்கிழமை எட்டரை மணிக்கு சுகன்யா மாரிக்குப் போன் செய்தாள். குரல் கேட்டதும் வைத்துவிட்டான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஆறாவது வாரம் உடனே வைக்கவில்லை. பின்னால் காற்று அடிக்கும் மிஷின் இரையும் சத்தம் கேட்டது.

"போட்டுருக்குது" என்றான். வைத்துவிட்டான்.

இப்போது ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவன் பேசியதில்லை. இவளும் கேட்டதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரமே அவளுக்குச் சோறு இறங்காமல் போய்விடுகிறது. மறுநாள் காலையில் அவள் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். சில வாரம் நான்காவது மணியில் எடுக்கிறான், சில வாரம் கடைசியில். போன திங்கட்கிழமை மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் எடுத்தான்.