பச்சை எழுத்தில் இருந்த கோப்புகள்

உங்கள் அம்மா பி.எட். படித்த வருடம், மேற்குத் தாம்பரம் வாடகை வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வாங்கியவன் நான். ஓட வைத்தவர் உங்கள் மாமா, அம்மாவின் அண்ணன். நான் பத்தாவதோடு பட்டறைக்குப் போனவன். லேத்தைத் தவிர வேறு மிஷினில் கை வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தங்கையும் அதன் முன்னால் உட்கார்ந்து பேசிச் சிரிப்பார்கள். நான் டீ போட்டுக் கொடுப்பேன்.

ஒரு நாள் அம்மா இல்லாத நேரத்தில் அவளுடைய ஃபோல்டரைத் திறந்தேன். கோப்புகளின் பெயர்களெல்லாம் பச்சை எழுத்தில் இருந்தன. எதைத் தட்டினாலும் அனுமதி இல்லை என்றே வந்தது. மாமாவிடம் கேட்டேன்.

"என்க்ரிப்ட் பண்ணியிருக்கேன் மச்சான். அவ பாஸ்வேர்டு போட்டு உள்ள போனாத்தான் படிக்க முடியும். மத்தவங்களுக்குத் திறக்காது."

"மத்தவங்கன்னா?"

"யாரா இருந்தாலும்."

எனக்கு வயிறு எரிந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அண்ணனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை அவள் பயிற்சிக்காகப் பள்ளிக்கூடம் போனதும், சிபியூவை ஸ்கூட்டரில் வைத்து ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

"இன்னா சார், இதுக்குப் போய் பேஜாராயிக்கினு," என்றான் கடைக்காரன். "விண்டோஸ புதுசா போட்டா பாஸ்வேர்டு பூடும். உன் ஃபைலு டி டிரைவ்ல கீது, அதுக்கு ஒண்ணும் ஆவாது."

சொன்னபடி கோப்புகள் அப்படியே இருந்தன. பச்சையும் அப்படியே. திறக்கத்தான் இல்லை. சாயங்காலம் அம்மா உட்கார்ந்தாள், அவளுக்கும் திறக்கவில்லை.

மாமா வந்து பார்த்தார். கடைக்குக் கொண்டுபோனதைச் சொன்னேன். கோப்புகளைத் திறக்கும் சாவி பழைய விண்டோஸுக்குள் இருந்ததாம். அதோடு சேர்ந்து அழிந்துவிட்டது. "சாவியைத் தனியா ஒரு சிடியில எடுத்து வைன்னு சொன்னேன்ல?" என்று தங்கையைத்தான் திட்டினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் வயிறு எரிந்தது.

உள்ளே இருந்தது அம்மாவின் பி.எட். புராஜெக்ட். புதன்கிழமை கொடுக்காவிட்டால் ஒரு வருடம் வீண்.

"பின்னக் கணக்கு வராத பிள்ளைங்களைப் பத்தி எழுதினதுங்க. அதுங்க மார்க்கு, வீட்டு நிலைமை எல்லாம் இருக்கு. அக்கம்பக்கத்துப் பசங்க இதுல கேம் ஆட வருதுங்க, அதான் பூட்டச் சொன்னேன். உங்களுக்கா பூட்டுவேன்? கேட்டிருந்தா காட்டியிருப்பேன்," என்றாள் அம்மா.

பிள்ளைகளே, பூட்டினால் சாவியை வேறிடத்திலும் வையுங்கள். இன்னொருவர் பூட்டைப் பார்த்தால் முதலில் கேளுங்கள். எனக்கு இந்த இரண்டும் அன்றைக்குத் தெரியவில்லை.

பட்டறைக்கு லீவு போட்டேன். அவளுடைய குறிப்பு நோட்டை நான் வாசிக்க, அவள் டைப் செய்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நன்றிப் பக்கம் மட்டும் மிச்சம். வழிகாட்டிய ஆசிரியை, தலைமையாசிரியை, பிறகு அண்ணன். அவ்வளவுதான்.

"என் பேரு?"

"அழிச்சதுக்கும் நன்றி சொல்லணுமா?"

"வாசிச்சதுக்கு."

சிரிக்காமல் டைப் செய்தாள், அண்ணன் பெயருக்குக் கீழே.

"மேல போடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வரிதான். பேசாம உட்காருங்க."