ஒரு கரண்டிக் கிழங்கு

மெல்பேர்னில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில். ஊரில் எட்டு வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். என் ஆசிரியர் சான்றிதழ் இங்கே செல்லாது என்று கடிதம் வந்து ஒரு மாதத்திற்குள் வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது.

மதியச் சாப்பாட்டைத் தட்டுகளில் போட்டு மேசைக்குக் கொண்டுபோவது என் வேலை. மசித்த உருளைக்கிழங்கு, ஐஸ்கிறீம் அள்ளும் கரண்டியால் ஓர் உருண்டை. பட்டாணி கொஞ்சம். உள்ளங்கையில் பாதிகூட வராத இறைச்சித் துண்டு ஒன்று. வயதுபோனவர்களுக்கு இது தாராளம் என்று குசினிப் பொறுப்பாளர் முதல்நாளே சொல்லிவிட்டாள்.

பலருக்கு அது போதுமாகத்தான் இருந்தது. ஜன்னலோர மேசைக்காரருக்குப் போதவில்லை. துறைமுகத்தில் காலமெல்லாம் மூட்டை தூக்கியவர். எழுந்து நின்றால் வாசலை அடைக்கிற உடம்பு. தட்டை வைத்ததும் அதைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

“இவ்வளவுதானா, லவ்?”

கோபமே இல்லாமல் தினமும் கேட்பார். பெண்களை ‘லவ்’ என்று கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். அவருடைய தட்டு துடைத்து வைத்ததுபோலத் திரும்பி வரும். மற்றவர்கள் மிச்சம் விட்டதையும் சட்டியில் எஞ்சிய கிழங்கையும் நானே குப்பை வாளியில் கொட்டுவேன்.

ஒருநாள் மனம் கேட்காமல் இன்னோர் உருண்டையை வைத்து, கிரேவியை ஊற்றி மறைத்துக் கொடுத்தேன். நாலு நாள் அப்படி நடந்தது. ஐந்தாம் நாள் பொறுப்பாளர் கண்டுவிட்டாள். எல்லாருக்கும் முன்னால் அவருடைய தட்டை இழுத்து, கரண்டியால் ஓர் உருண்டையைத் திரும்ப எடுத்தாள்.

“இவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள். உனக்கு இந்த வேலை வேண்டுமா, இல்லையா?”

அவர் திருடிப் பிடிபட்டவரைப்போல மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். “அந்த மனிசன் பசியெண்டு கேக்குதப்பா. மிஞ்சின கிழங்கெல்லாம் குப்பைக்குத்தான் போகுது.”

“உம்மை என்ன, நியாயம் கதைக்கவே அங்க எடுத்தவங்கள்? சொன்னதைச் செய்துபோட்டு வாரும்.”

எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாகவும் இருந்தது. அடுத்த நாளிலிருந்து ஓர் உருண்டைதான்.

சில நாட்களில், பக்கத்துக் கதிரையில் தூங்கி விழுந்த கிழவியின் வெண்ணெய் பூசிய பாண் துண்டை ஜன்னலோர மேசைக்காரர் எடுத்துத் தின்றுவிட்டார். யாரோ முறையிட்டார்கள். இனி அவர் தன் அறையில் தனியாகத்தான் சாப்பிடவேண்டும் என்று முடிவாயிற்று. தட்டைக் கொண்டுபோகும் வேலை எனக்கே வந்தது.

குசினியிலிருந்து அவருடைய அறைவரை நீண்ட நடை. அந்த நேரத்தில் அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். இரண்டு பாண் துண்டை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் யாருக்குத் தெரியும்? ஒருநாளாவது செய்தேனா? இல்லை. தட்டை வைப்பேன், முகத்தைப் பார்க்காமல் திரும்புவேன். அவரும் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. “தாங்ஸ்” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

அந்தக் குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். அதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். அளவு தவறாமல் பரிமாறுகிறவள் என்று பொறுப்பாளர் நல்லவிதமாக எழுதிக்கொடுத்திருந்தாள். கணவருக்கு அவ்வளவு சந்தோஷம். பாயசம் காய்ச்சச் சொன்னார். காய்ச்சினேன். நான் இரண்டு கிண்ணம் குடித்தேன்.