வில்லாக்காரர் தூக்கமும் மாரியம்மன் சேவலும்

செம்மநத்தத்து ராசம்மாளுக்குக் குரல் பெரிசு. மிளகுத் தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடியில் இருப்பவன் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். மாரமங்கலத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த நாள்முதல் அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கும் ஒருநாள் பேச்சு அடைத்துப்போனது. காரணம் ஒரு சேவல்.

சேவலுக்கு முன்னால் வில்லாக்களைச் சொல்ல வேண்டும். அவள் வீட்டை ஒட்டியிருந்த காப்பிக்காட்டை யாரோ வாங்கி, மரங்களை வெட்டி, வாசலில் கேட் போட்டு, வெள்ளை வெள்ளையாய் வீடு கட்டி விற்றார்கள். சென்னை, பெங்களூர் ஆட்கள் மலையின் அமைதியைத் தேடி வந்தார்களாம். மலையிலும் ஆடு, மாடு, கோழி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வந்த கையோடு ஒரு அசோசியேஷன் ஆரம்பித்தார்கள். அதன் தலைவர் பிரபாகர், பாங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் கெட்டவரில்லை, விடியற்காலைத் தூக்கம்தான் கெட்டிருந்தது.

ஒருநாள் அவர் ராசம்மாள் வாசலுக்கே வந்தார். "உங்க சேவல் விடியறதுக்கு முன்னாடியே கத்துதும்மா. ஏழு மணிக்கு முன்னாடி சத்தம் கூடாதுன்னு எங்க அசோசியேஷன்ல ரூல் இருக்கு."

ராசம்மாள் வாயைப் பிளந்தாள். "ஏனுங்க, மணி பார்த்துக் கூவறதுக்கு அதென்ன பள்ளிக்கூட பெல்லுங்களா? உங்க ரூலு உங்க கேட்டுக்குள்ளாறதானுங்களே. எங்க ஊடு கேட்டுக்கு வெளிய இருக்குதுங்க."

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. இந்தப் பக்கம் முழுக்கக் குடியிருப்புப் பகுதியாக மாறிவிட்டதாம், ஆடு மாடு கோழி வளர்க்க இனி அனுமதி வாங்க வேண்டுமாம். மாமனார் காலத்திலிருந்து சாமை விளைந்த மண், தன்னை ஒரு வார்த்தை கேட்காமலே வேறொன்றாகிவிட்டது என்றதும் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

"கோயில் நோம்பி வரைக்கும் பொறுத்துக்கங்க சார்," என்றாள். "அது மாரியம்மனுக்கு நேர்ந்து உட்ட சேவலுங்க. விக்கக் கூடாது, கட்டிப்போடவும் கூடாது. வைகாசியில ஆத்தாளுக்கே குடுத்துருவோம்."

பிரபாகர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த நேர்ச்சை மாதையனுக்கானது. மாதையன் ராசம்மாளின் புருசன். போன வருஷம் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் பறிக்க ஏறியவன் உச்சியிலிருந்து விழுந்துவிட்டான். சேலத்து ஆஸ்பத்திரியில் அவன் கண் திறக்காமல் கிடந்தபோது, "எம்புருசனை எழுப்பிக் குடு ஆத்தா, எங்கூட்டுச் செஞ்சேவலை உனக்கு உடறேன்" என்று நேர்ந்தாள். எழுந்துவிட்டான். கால்தான் இழுத்து இழுத்து நடக்கும். மரம் ஏற முடியாதவனுக்கு அந்த வில்லா கேட்டிலேயே ராத்திரி வாட்ச்மேன் வேலை கிடைத்தது.

யாருக்காக நேர்ந்தோமோ அவர் காதில், நேர்ச்சை செலுத்தும் முன் அது விழக் கூடாது. விழுந்தால் சாமி கைவிட்டுவிடும். ராசம்மாளின் அம்மா வீட்டு வழக்கம் அது. அதனால் சேவல் யாருக்கு என்று மாதையன் கேட்டபோது, "மாடு நல்லபடியா கன்னு போடோணும்னு நேர்ந்தேனுங்க" என்று ஒரு பொய் சொல்லி வைத்தாள். மாடும் நல்லபடியாகக் கன்று போட்டது. அவனும் நம்பிவிட்டான்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நன்றாக வெளிச்சம் வந்தபிறகுதான் அவளுக்கு விழிப்புத் தட்டியது. சேவல் கூவவில்லை. காட்டுப்பூனை கொண்டுபோயிருக்குமோ என்று பதறிக்கொண்டு காப்பிச் செடிகளுக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினாள். வில்லா வேலியோரம் வந்ததும் நின்றுவிட்டாள். உள்ளே நெருப்பு மூட்டிய சாம்பல் இருந்தது. பக்கத்துக் குப்பைத் தொட்டியில் செம்பும் கறுப்புமாய் இறகுகள் கிடந்தன.

நடைப்பயிற்சிக்கு வந்த பிரபாகர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். "ரொம்ப தேங்க்ஸ்ம்மா. நீங்களே குடுத்தனுப்புவீங்கன்னு நாங்க எதிர்பார்க்கல. நேத்து கேம்ப் ஃபயர்ல உங்களைப் பத்திதான் பேச்சு. நாட்டுக்கோழி ருசியே தனி."

"நானுங்களா?"

"மாதையன்தான் கொண்டுவந்தார். நீங்க மனசாரக் குடுத்ததாச் சொன்னார். அவருக்கும் ஒரு தட்டு வெச்சோம், மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டார்."

ராசம்மாள் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனுஷன் நிறுத்துவதாயில்லை. "அப்புறம் இன்னொரு சின்ன விஷயம். உங்க மாட்டுக் கழுத்துல ஒரு மணி இருக்கில்ல..." என்று ஆரம்பித்தார். ஊரையே வாயால் அடக்கியவள், ஒரு சொல் சொல்லாமல் திரும்பி நடந்தாள்.

வேலை முடிந்து வந்த மாதையன் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"சேவலைப் புடிச்சுக் குடுத்தீங்களா?"

அவன் துண்டைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பினான். "தெனமும் கேட்டுல நின்னு என்னையத்தான் புள்ளே வையறாங்க. உன்ற ஊட்டுச் சேவலையே அடக்க முடியல, எங்க ஊட்டை எங்க பார்க்கப் போறேங்கறாங்க. இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் வேற எங்க போவேன்?"

"நேர்ந்த சேவலுங்க அது."

"மாட்டுக்குத்தானே நேர்ந்தே? தாயும் கன்னும் நொம்ப நல்லா இருக்குது. நோம்பிக்கு அதே நெறத்துல ஒண்ணு வாங்கி உட்டாப் போச்சு. அதுக்கா ஆத்தா கோவிச்சுக்குவா?"

"நீங்களும் தின்னீங்களா?"

"தட்டுல போட்டுக் குடுத்தாங்க. வேண்டாம்னா தப்பா நெனைப்பாங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

வில்லாக்காரர்கள் மேலும் அவன் மேலும் வந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் அவள் மேலேயே திரும்பியது. மாட்டுக்கு என்று பொய் சொன்னவள் அவள்தானே. உண்மை தெரிந்திருந்தால் தொட்டிருப்பானா? "உங்க உசுருக்கு நேர்ந்ததுங்க" என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். தெரியாமல் தின்றவனை ஆத்தா மன்னித்தாலும் மன்னிப்பாள். சொல்லிவிட்டால் அந்தச் சமாதானமும் போய்விடும்.

"என்ன புள்ளே, மாட்டுக்குத்தானே?" என்று மறுபடி கேட்டான்.

"ஆமாங்க. மாட்டுக்குத்தான்."

அவன் நிம்மதியாகப் பாயை விரித்துப் படுத்தான். படுத்த உடனே தூங்கிப்போனான். ராசம்மாள் அன்று காட்டு வேலைக்குப் போகவில்லை, அடுப்பும் மூட்டவில்லை. அவன் தலைமாட்டில் உட்கார்ந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். சூடாக மூச்சு வந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.