அரைக் கட்டை இறங்கிய ஆல்பம்

“தொண்டையே இல்லாதவன எவன்யா கூட்டிட்டு வந்தது?”

முதலாளி ஊ மணி இப்படிக் கத்தியபோது மைக் திறந்தே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டி நின்ற செல்வத்தின் காதில் ஒவ்வொரு எழுத்தும் விழுந்திருக்கும். கூட்டிவந்தவன் நான்தான். தொண்ணூறுகளின் நடுவில், பர்மாவில், கியாக்டடா பேட்டையில் அவர் நடத்திய ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் மெஷின் வேலை பார்த்தேன். ஊ என்றால் பர்மியத்தில் ஐயா.

எங்கள் பிழைப்பு காப்பி தச்சின். தச்சின் என்றால் பாட்டு. வெளிநாட்டு மெட்டை எடுத்து, பர்மியச் சொற்களைப் போட்டுப் பாடுவது. இன்று யாராவது அதைக் கேலி செய்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். செய்து பார்த்தால்தானே கஷ்டம் தெரியும்?

அந்த முறை நாங்கள் எடுத்தது ஓர் இங்கிலீஷ் ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவின் முதல் ஆல்பம். கிட்டார் சத்தம் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். பாடுகிறவன் வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டிருந்து, பல்லவி வந்ததும் சட்டென்று உச்சிக்குப் போய்விடுவான். செல்வத்துக்கும் இதுதான் முதல் கேசட். போட்டாதாங் படகுத்துறையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, இதையே நம்பி வந்திருந்தான்.

ஒரு மாதம் பாடிப் பழகியவன், அந்த வெள்ளிக்கிழமை மூன்று பாட்டிலும் திணறினான். பல்லவிக்கு ஏறும்போதெல்லாம் குரல் கிழிந்தது. சொற்களும் இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

“வாத்தியம் பூரா நேத்தே டேப்புல ஏத்தியாச்சு. இவனுக்காகத் திரும்ப ஏத்தணுமா? திங்கக்கெழம வேற ஆளப் பாரு, தாமஸ்” என்றார் ஊ மணி.

செல்வம் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் ஒழுங்காக மாட்டிவிட்டு வெளியே போனான்.

2

அவன் போன பிறகுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. எங்கள் கிட்டார்காரர் பழகி வாசித்தது பாங்காக்கிலிருந்து வந்த அவருடைய சொந்த கேசட்டைக் கேட்டு. செல்வம் பழகியது நான் எடுத்துக் கொடுத்த காப்பியில். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினேன். என் காப்பி மெதுவாக, சுருதி அரைக் கட்டை இறங்கி ஓடியது.

நடந்தது இதுதான். நான் காப்பி எடுத்த மூல கேசட் ஒரு கப்பல்காரருடையது. அன்று சாயங்காலமே அவர் கப்பலேற வேண்டும். அன்று பார்த்துக் காலையிலிருந்து கரண்டு இல்லை. நாலு மணிக்குத் தெரு முழுக்க “மீ லாபீ!” என்று கூச்சல். கரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். வந்தது, ஆனால் வோல்டேஜ் மீட்டர் ஊசி பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது. பார்த்தேன். பார்த்துவிட்டும், நேரமாகிறதே என்று ஓட்டுகிற மெஷினை அந்த வோல்டேஜிலேயே போட்டேன். பதிவு செய்கிற மெஷின் கார் பேட்டரியில் சரியான வேகத்தில் ஓடியது. மூல கேசட் இழுத்து இழுத்து ஓட, அது அப்படியே பதிவாகிவிட்டது.

அந்த நிமிஷமே ஊ மணியிடம் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமையும் சொல்லவில்லை. ஞாயிறு பூசையில் முழங்காலில் நின்றபோதும் அந்த ஊசிதான் கண்ணுக்குள் நின்றது. கோயிலிலிருந்து நேராக பஸ் ஏறி, செல்வத்தின் அக்கா வீடு இருந்த ஷ்வேப்யிதாவுக்குப் போனேன்.

வாசலில் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெந்நீர்.

“வாங்கண்ணே. நாளைலேருந்து தையல் ஃபேக்டரில சேருறேன். அக்கா சொல்லி வச்சிருச்சு.”

“சேராத. தப்பு என்னோடதுடா” என்று ஆரம்பித்து, வோல்டேஜ், பேட்டரி எல்லாவற்றையும் கொட்டினேன். நாலு வார்த்தை திட்டுவான் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அப்ப என் தொண்ட நல்லாத்தாண்ணே இருக்கா?” என்று கேட்டான். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

3

திங்கட்கிழமை காலை ஊ மணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்தார்.

“வாயில என்னய்யா வச்சிருந்த ரெண்டு நாளா? அந்தப் பையனப் போயி தொண்ட இல்லாதவன்னு என்னையச் சொல்ல வச்சுட்டியேய்யா!” என்றவர், மூச்சு வாங்கிவிட்டு, “வாத்தியம் திரும்ப ஏத்த முடியாது. என்ன பண்ணப் போற?” என்றார்.

எங்கள் நாலு டிராக் மெஷினில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன். ஏற்றி வைத்திருந்த கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து அரைக் கட்டை இறங்கின. அன்று கரண்டு செய்த கோளாறை இன்று நானே கையால் செய்தேன். ஃபேக்டரிக்குப் போகாமல் என்னோடு வந்திருந்த செல்வம் பாடினான். பல்லவி ஒரே டேக்கில் ஓகே. ஊ மணி கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போய், அவன் தோளைத் தட்டிவிட்டு வந்தார். முழு கேசட்டையும் அந்த வேகத்திலேயே முடித்து வெளியிட்டோம்.

ஸ்டூடியோவில் உட்காரப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மெஷின் தப்புப் பண்ணினால் மெஷின் அடி வாங்காது, மைக் முன்னால் நிற்கிறவன்தான் வாங்குவான். தெரிந்த உடனே சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பிறகு செல்வம் என்னிடம் எத்தனையோ கேசட் பாடினான். ஒவ்வொரு தடவையும் ஹெட்போனை மாட்டியதும் மைக்கில் கேட்பான்: “தாமஸண்ணே, இன்னிக்குத் தொண்டையா, மெஷினா?” சிரித்துக்கொண்டுதான் கேட்பான். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை. மீட்டரைப் பார்த்துவிட்டு, ஊசி எங்கே நிற்கிறது என்று எல்லார் காதிலும் விழும்படி உரக்கச் சொல்வேன்.