மரியநாயகத்தின் வலது கை

மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸில் நூறு குவார்ட்டர்ஸ் என்றால் ரயில்வேக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகள். அங்கே எந்த வாசலில் கேட்டாலும் மரியநாயகத்தின் வீட்டைக் காட்டுவார்கள், கூடவே "அந்தக் கர்வம் பிடிச்ச ஆளா?" என்றும் கேட்பார்கள். கர்வக்காரர்கள் ஊரில் எத்தனையோ பேர். பெரும்பாலோருக்கு அதற்கு ஒரு காரணமும் இருக்காது. இவருக்கு இருந்தது.

முதலில் அவர் சிக்னல் ஃபிட்டர். சிக்னல் மரத்தின் மேலே ஏறி, ரயிலுக்கு வழிவிடும் அந்தச் சிவப்புத் தகரக் கைக்கு எண்ணெய் போடுவதும், அதை இழுக்கும் கம்பியை முறுக்கிவிடுவதும் வேலை. 1931இல் ஒரு மழை நாளில் இரண்டு ரயில் பெட்டிகளுக்கு நடுவில் அவருடைய வலது கை சிக்கிக்கொண்டது. முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து, ரயில்வே ஸ்டோரிலிருந்து டவுன் ஆபீசுக்குத் தபால் கொண்டுபோகும் வேலை காலியானது. ஒரு நாளைக்கு நாலு நடை, சைக்கிள் விடத் தெரிய வேண்டும். "ஒத்தக் கையால எப்படி ஓட்டுவ?" என்று ஸ்டோரின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி ராதாகிருஷ்ணன் கேட்டார். மரியநாயகம் சைக்கிளில் ஏறி ஸ்டோரை மூன்று சுற்று சுற்றிவந்து கிராணியின் செருப்பு நுனியில் நிறுத்தினார். பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கிற வண்டி. வேலை கிடைத்தது.

காலியான கோட்டுக் கையை மடித்து ஊசி குத்திக்கொள்ளச் சொன்னாள் மனைவி சாந்தமேரி. அவர் கேட்கவில்லை. அதன் நுனியைக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் செருகிக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு, ஒருவர் ஒய்யாரமாகக் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சைக்கிள் விடுவது போலிருக்கும். அந்த ஒய்யாரம்தான் வம்பை இழுத்து வந்தது.

டவுனுக்குள் சைக்கிளுக்கு அப்போதே சட்டம் கொஞ்சநஞ்சமல்ல. மணி வேண்டும். இருட்டினால் விளக்கு வேண்டும். பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. திரும்புவதற்கு முன் கை காட்ட வேண்டும். ஸ்காட் ரோட்டு முச்சந்திக்குப் புதிதாக வந்த போலீஸ்காரர் ஒஸ்மான் இதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். மரியநாயகம் கை காட்டாமல் வலது பக்கம் திரும்பியதும் விசில் அடித்து நிறுத்தினார்.

"நீ என்ன துரை மகனா? கையைப் பாக்கெட்டை விட்டு எடுக்க மாட்டாயோ?" என்று மலாயில் கேட்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்ல மனம் வரவில்லை. தெருவில் நின்று, எனக்குக் கை இல்லை ஐயா என்று கோட்டை விலக்கிக் காட்டுவதா? மரியநாயகம் சம்மனை இடது கையால் வாங்கிக்கொண்டார்.

சங்கதி தெரிந்ததும் ராதாகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "கை காட்ட முடியாதவன் டவுன் ரோட்டுல சைக்கிளே விடக்கூடாதுன்னு துரை தீர்ப்புச் சொல்லிட்டா என்ன செய்வ? அப்புறம் ஆபீஸ் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்கார வேண்டியதுதான். நான் ஒரு மனு எழுதித் தரேன் லா. ஊனமுள்ள ஏழை, பெரிய மனசு பண்ணி விலக்குக் கொடுங்கன்னு கேப்போம்."

ஸ்டூல் என்ற சொல் மரியநாயகத்தைச் சுட்டது. மனு என்ற சொல் அதைவிடச் சுட்டது.

"மனு வேணாங்க ஐயா."

வீட்டில் சாந்தமேரி விடவில்லை. "ரெண்டு புள்ளைங்க இருக்குங்க. ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டா உங்க கிரீடம் கீழ விழுந்துடுமா?"

"சட்டம் எனக்கு இல்லைன்னு அவங்க எழுதிட்டா, ரோடும் எனக்கு இல்லைன்னு அர்த்தம்" என்றார் அவர். அவள் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தாள். பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சரி. அப்ப என்ன செய்யப் போறீங்க?"

என்ன செய்வது என்று அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. பத்து வருஷம் தகரக் கைகளோடு குடித்தனம் நடத்திய மனிதர். பிஸ்கட் டின்னை வெட்டி ஒன்றரை அடிக்கு ஒரு கை செய்தார். தகரத்தைச் சாந்தமேரி இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் அரம் போட்டார். சிவப்பு பெயிண்ட், குறுக்கே வெள்ளைப் பட்டை. ஹாண்டில் பாரின் வலது பக்கம் ஒரு குச்சியில் அதைப் பொருத்தி, அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, தன் வலது கையின் மிச்சத்தில் மாட்டிய தோல் வளையத்தில் கொக்கி போட்டார். தோளை உயர்த்தினால் தகரக் கை எழ வேண்டும், தளர்த்தினால் இறங்க வேண்டும்.

முதல் நாள் எழுந்தது, இறங்கவில்லை. உயர்த்திய கையோடு குவார்ட்டர்ஸ் முழுக்க ஊர்வலம் போனார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் அடிப்பக்கத்தில் ஈயக்குண்டு ஒன்று கட்டினார். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

கோர்ட்டுக்குப் போன அன்று கோட்டுக் கையைப் பாக்கெட்டில் செருகவில்லை, தோல் வளையம் வெளியே தெரிய மேலே சுருட்டி விட்டிருந்தார். அதைப் பார்த்ததும் ஒஸ்மானின் முகம் செத்துப்போனது. மாஜிஸ்திரேட் துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"கேஸைத் தள்ளிட்டாரு. இனிமே உனக்கு இந்தச் சட்டம் கிடையாதாம். கும்புட்டுட்டுக் கிளம்பு" என்றார் மொழிபெயர்ப்பாளர் நாகையா.

"வேணாம்னு சொல்லுங்க" என்றார் மரியநாயகம். "போலீஸ்காரர் செஞ்சது சரி. அன்னைக்கு நான் கை காட்டல. அபராதம் போடட்டும், கட்டறேன். இனிமே காட்டுவேன். சைக்கிள் வெளிய நிக்குது, துரை வந்து பாக்கட்டும்."

நாகையா இருபது வருஷமாக மொழிபெயர்க்கிறார். விடுதலையை வேண்டாம் என்றவனை அன்றுதான் பார்த்தார். சொல்லலாமா என்று தயங்கி, சொன்னார். துரை எழுந்து வராந்தாவுக்கே வந்துவிட்டார்.

மரியநாயகம் தெருவில் இறங்கினார். எதிரே ஒரு மாட்டுவண்டி ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. அவர் தோளை உயர்த்தினார். சிவப்புக் கை விறைப்பாக எழுந்தது. வண்டிக்காரர் பதறிக் கயிற்றை இழுத்து மாட்டை நிறுத்தினார். மரியநாயகம் வலது பக்கம் திரும்பினார். கை இறங்கியது. ஆறு மாதம் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்த அந்த அரைக்கைக்கு ஒரு வண்டி நின்றது.

துரை ஐம்பது காசு அபராதம் போட்டார். சைக்கிள் விடத் தடையில்லை, கருவி சட்டத்துக்குப் போதும் என்று புத்தகத்தில் எழுதினார். அந்த ரசீதைச் சாந்தமேரி மாதா படத்தின் பின்னால் செருகி வைத்தாள். வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள்.

ஸ்காட் ரோட்டு முச்சந்தியில் அந்தச் சிவப்புக் கை தெரிந்தால் போதும், ஒஸ்மான் லோரியைக்கூட நிறுத்திவிடுவார். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் அப்படி வழிவிட்டுக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு சைக்கிள் கை காட்டாமல் வெடுக்கென்று திரும்பியது. ஒஸ்மான் விசில் அடித்தார். ஓட்டிவந்தவர் பெரிய கிராணி ராதாகிருஷ்ணன். நோட்டுப் புத்தகத்தை எடுத்தார் ஒஸ்மான்.

மரியநாயகம் சைக்கிளை ஓரமாக நிறுத்தி இறங்கி வந்தார். இடது கையால் எழுதப் பழகி அதற்குள் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"பயப்படாதீங்க கிராணி ஐயா" என்றார். "மனு நான் எழுதித் தரேன்."