ஒரு தீர்ப்பு பாக்கி

ஆறாவது பென்சிலையும் சீவி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார் ஜஸ்டிஸ் யூனா ட்ரெத்வே. வக்கீல் பாஸ்கோ இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

"மிஸ்டர் பாஸ்கோ, எத்தனாவது பக்கத்துல இருக்கீங்க?"

"பன்னெண்டு, யுவர் ஆனர்."

"மொத்தம்?"

"தொண்ணூத்தி நாலு."

"நான் ரிட்டயர் ஆக இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு. பாத்துச் செய்ங்க."

கோர்ட் சிரிக்கிறது. ஜட்ஜ் சொன்னதற்குச் சிரிக்காத வக்கீல் அடிலெய்டில் இன்னும் பிறக்கவில்லை. ஜட்ஜம்மா மட்டும் சிரிப்பதில்லை. தான் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.

சீவிய தூளை ஒரு சாஸரில் சேர்த்து வைப்பார். பதினோரு மணி இடைவேளையில் டவாலி க்ளெம் வாரிக் அதை எடுத்துப்போய்க் கொட்டுவார். க்ளெம் முன்பு டிராம் ஓட்டியவர். "எல்லாரும் எழுந்திருங்க" என்று அவர் கூவும்போது, உள்ளே தள்ளி நிற்கச் சொல்கிறாரோ என்று தோன்றும். பன்னிரண்டு வருடமாக இருவரும் ஒன்றாக இருக்கிறார்கள். மேடைக்கு மூன்று படிகள். மூன்றாவது படியில் ஜட்ஜம்மாவின் வலது முழங்கால் 'டொக்' என்னும். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் க்ளெம் மற்றவர்களை உட்காரச் சொல்வார்.

இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் ஜட்ஜம்மாவின் வேலை. காது சரியாகத்தான் இருக்கிறது. கேட்கும் ஆள்தான் தேய்ந்துவிட்டார். "பொய் சொல்றதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, க்ளெம். கொஞ்சம் புதுசா சொல்லலாம்ல?" என்பார், அங்கியைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டபடி. மதியச் சாப்பாடு கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே: வெள்ளை ரொட்டி, நடுவில் கசாப்புக் கடையில் வாங்கிய ஃப்ரிட்ஸ் இறைச்சி இரண்டு துண்டு, தக்காளி சாஸ். வயாலாவில் கப்பல் கட்டும் தளத்துக்குப் போன அப்பாவுக்கு அம்மா கட்டிக்கொடுத்த அதே சாப்பாடு. ஜட்ஜுகளுக்கென்று மாடியில் தனிச் சாப்பாட்டு அறை உண்டு. மாதம் ஒருமுறை போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார். "அங்க உக்காந்தா சூப்பு ஆறுறதுக்குள்ள யாராவது ஒருத்தர் தன்னோட பழைய தீர்ப்ப எடுத்து வாசிச்சிடுறாங்க."

பகலில் டைப்பிஸ்ட், சாயங்காலம் சட்டக் கல்லூரி என்று ஏழு வருடம் படித்தவர். வக்கீலான முதல் வாரம், கூட்டமொன்றுக்குப் போனால், பெரிய வக்கீல் ஒருவர் நோட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளி, "நோட்ஸ் எடுத்துக்கோ, கண்ணு" என்றாராம். கண்ணு எடுத்தார். பதினோரு பக்கம், எல்லாம் சுருக்கெழுத்தில். கூட்டம் முடிந்து பெரியவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத யார் படிக்கிறது?" என்று கேட்க, "படிச்சுச் சொல்றதுக்குத் தனி ஃபீஸ் சார்" என்றார். அந்தப் பெரியவரும் பிற்பாடு ஜட்ஜாகி, படமாகி, மாடிப்படி வளைவில் தொங்குகிறார். தினமும் அவரைக் கடந்துதான் ஏற வேண்டும். குட்மார்னிங் சொல்வதில்லை.

மேல்முறையீட்டில் முப்பத்தொரு முறை இவர் சொன்னது தவறென்று தீர்ப்பு வந்திருக்கிறது. இருபதை ஒப்புக்கொள்கிறார். மீதியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜன்னல் வழியே டிராம் பார்க்கிறார்.

இவரை நல்லவர் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நோஸ்கே வழக்குக் கட்டு பதினாலு மாதமாக அவர் ஜன்னலோரத்தில் கிடந்ததை என்ன செய்வது? விசாரித்து முடித்த மற்ற வழக்குகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அது ஒன்றுதான் பாக்கி.

வழக்கு இதுதான். கெல்வின் நோஸ்கே, அறுபத்து மூன்று வயது, மாலீ பக்கத்துக் கோதுமை விவசாயி. முப்பத்து நாலு வருடம் அப்பாவின் நிலத்தில் சம்பளமில்லாமல் உழைத்தவர். ஒவ்வொரு அறுவடைக்கும், "இதெல்லாம் உனக்குத்தான்டா" என்று அப்பா சொல்லியிருக்கிறார். உயிலில் மட்டும் வேறு மாதிரி சொல்லிவிட்டார்: பாதி மகனுக்கு, பாதி மகள் மார்லீனுக்கு. பாதி நிலத்தை வைத்துக்கொண்டு அந்த வறண்ட பூமியில் பிழைக்க முடியாது, விற்கத்தான் வேண்டும். மார்லீன் ஹேலட், நகரத்துக்காரர், பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. படுத்த படுக்கையான அப்பாவை ஆறு வருடம் தன் வீட்டு முன்னறையில் வைத்துப் பார்த்துக்கொண்டவர். ஆக, இரண்டு பேருமே யோக்கியர்கள். ஜட்ஜுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

"யாரு ஜெயிக்கணும்னு எனக்குப் பதிமூணு மாசமாத் தெரியும்" என்று க்ளெமிடம் சொன்னார். "தோக்கிறவங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

இந்த ஊரில் தீர்ப்பு எப்போது வரும் என்று ஜட்ஜிடம் யாரும் நேராகக் கேட்கக் கூடாது. கட்சிக்காரர் தன் வக்கீலிடம் கேட்பார். வக்கீல் தன் சங்கத் தலைவரிடம் சொல்வார். தலைவர் தலைமை நீதிபதியிடம் சொல்வார். தலைமை நீதிபதி, கேட்டது யார் என்று சொல்லாமல், ஜட்ஜின் காதில் போடுவார். பெண் வீட்டுச் சம்மதத்தைத் தரகர் வழியாக விசாரிப்பதைப் போல அத்தனை நாசூக்கு. இந்த வழக்கில் ஒரு சின்னச் சிக்கல். மார்லீனின் வக்கீல் பாஸ்கோ. சங்கத் தலைவரும் அதே பாஸ்கோ. தன்னைப் பற்றித் தானே தன்னிடம் முறையிட்டுக்கொள்ள அவருக்குக் கூச்சம். எதிரணி வக்கீலிடம் போய் எப்படிக் கேட்பது என்று கெல்வினின் வக்கீலுக்கும் கூச்சம். இந்த நாகரிகத்தில் பதினாலு மாதம் ஓடிவிட்டது.

கடைசியில் கெல்வினே எழுதிவிட்டார். ரோஸ் நிறக் கிளி படம் போட்ட ஒரு அட்டை, பெரிய பெரிய எழுத்தில்:

"ஜட்ஜம்மாவுக்கு, அவசரம் ஒண்ணுமில்லீங்க. ஏப்ரல் கடைசில அன்சாக் தினம் முடிஞ்சா விதைப்பு. நிலம் எனக்கா இல்லையான்னு தெரிஞ்சா கோதுமை போடலாமா, சும்மா விடலாமான்னு முடிவு பண்ணுவேன். இந்த வருஷம் மழை உண்டுன்னு சொல்றாங்க. உடம்பப் பாத்துக்கோங்க. கெல்வின் நோஸ்கே."

ஜட்ஜம்மா அதை நுனியில் பிடித்து, ஈரத் துணியைப் போலத் தள்ளி வைத்துப் படித்தார். வழக்கில் ஒரு பக்கத்தார் ஜட்ஜுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது ஆகாத காரியம். ஜட்ஜின் மனதைக் கலைக்கப் பார்த்தார் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் ஜட்ஜ் விலக வேண்டியிருக்கும். பிறந்தநாளுக்கோ இன்னும் பதினோரு நாள். எழுபது முடிந்த காலையில் எந்த ஜட்ஜும் சாதாரண மனிதர்தான். அவர் சொல்லாமல் விட்ட தீர்ப்பைச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. புது ஜட்ஜ், புது விசாரணை, எல்லாம் முதலிலிருந்து. இன்னும் இரண்டு வருடம். அதற்குள் அந்த நிலத்தில் பாதியை வக்கீல்களே உழுதுவிடுவார்கள்.

"குப்பையில போட்டுடட்டுமா ஜட்ஜம்மா?" என்றார் க்ளெம். "யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். இன்னும் எத்தன பேருக்குத் தெரியணும்?"

"நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"டிராமுல டிக்கெட் இல்லாம வந்தவங்கள எறக்கி விட்டவன்தான நீ? போய் ரெண்டு வக்கீலுக்கும் போனப் போடு."

மறுநாள் காலை, கோர்ட்டில் அந்த அட்டையை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். 'உடம்பப் பாத்துக்கோங்க' என்ற இடத்தில் குரல் லேசாக இடறியது. சளியாக இருக்கலாம். கெல்வின் கழுத்திலிருந்து காது வரை சிவந்து போனார். அவருடைய வக்கீல் மேஜைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பவரைப் போலக் குனிந்துகொண்டார். பாஸ்கோ எழுந்தார்.

"யுவர் ஆனர், இது ரொம்ப ரொம்ப சீரியஸான விஷயம். என் கட்சிக்காரர் சார்பா நான்..."

"உங்க கட்சிக்காரரக் கேட்டீங்களா?"

"இனிமேதான், யுவர் ஆனர்..."

"என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல!" பின்வரிசையில் மார்லீன் எழுந்து நின்றிருந்தார். க்ளெம் தடுக்கப் போனார். ஜட்ஜம்மா பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டார்.

"இவன் அப்படித்தாங்க. எங்கம்மா செத்தப்ப, காப்பாத்த முடியாத டாக்டருக்கே நன்றின்னு கார்டு போட்டவன். மனசக் கலைக்கிற அளவுக்கெல்லாம் இவனுக்கு ஏதுங்க மூளை?"

"மார்லீன்..." என்றார் கெல்வின்.

"நீ சும்மா இரு. எழுதினது பத்தாதா?" மறுபடி மேடையைப் பார்த்துத் திரும்பினார். "எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். அவன் வெதைக்கணும், அவனுக்கு அவசரம். எனக்கு வெதைக்க ஒண்ணுமில்ல. அதனால நான் எவ்ளோ நாள் வேணா காத்துக் கெடப்பேன்னு நெனச்சிட்டீங்களா எல்லாரும்? பதினாலு மாசமா தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுறேன்."

பாஸ்கோ கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படி நெனைக்கலம்மா" என்றார் ஜட்ஜம்மா. பிறகு கையிலிருந்த அட்டையை மேஜைமேல் வைத்தார். "இல்ல. நெனச்சிட்டேன் போலிருக்கு. அடுத்த வியாழக்கிழமை, மதியம் ரெண்டு மணி."

அந்த வியாழக்கிழமைதான் அவருடைய கடைசி நாள். மூன்றரை மணிக்குப் பெரிய கூடத்தில் பிரிவு உபசாரம். மந்திரி வருகிறார், சாஸேஜ் ரோல் வருகிறது. தலைமை நீதிபதி போனில் கூப்பிட்டார்: "என்ன யூனா, அன்னைக்குப் போய் வச்சிருக்கீங்க? வேற நாளே கெடைக்கலையா?"

"கெடைச்சுது. பதினாலு மாசம் கெடைச்சுது."

விடுமுறை நாட்களிலும் வந்து உட்கார்ந்தார். போர்வீரர் நினைவு நாளான அன்சாக் தினத்தன்று ஊர்வலம் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாக வந்த க்ளெம், விளக்கு எரிவதைப் பார்த்து மேலே ஏறினார். "எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டதற்கு, "நாலு பக்கம் எழுதுனேன், மூணு பக்கத்தக் கிழிச்சேன்" என்று பதில் வந்தது. அதற்கு முன்பு ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது நாள் ஆனதாம். அதைக் கேட்டபோது முன்னேற்றம் என்றுதான் க்ளெமுக்குத் தோன்றியது.

வியாழன் மதியம் இரண்டு மணி. வழக்கமாக ஜட்ஜம்மா உத்தரவை மட்டும் வாசித்துவிட்டு எழுந்துவிடுவார். அன்று முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். முதல் பக்கத்தில் இருந்தது நிலமல்ல, மார்லீனின் முன்னறை. ஆறு வருடம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தது. அந்த ஆறு வருடத்தில் ஒருநாள்கூட இதற்கு என்ன தருவாய் என்று அவரைக் கேட்காதது. "கேட்டிருந்தால் வழக்கு வேறாக இருந்திருக்கும். கேட்காத குணத்துக்காகவே அவர் தோற்கிறார். இதைச் சொல்ல இந்த நீதிமன்றத்துக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சட்டம் இதுதான்" என்று வாசித்தார். அதன்பிறகு உத்தரவு: அப்பாவின் வாக்கை நம்பி உழைத்ததால் நிலம் முழுதும் கெல்வினுக்கு. அப்பாவின் வங்கியில் இருந்தது மார்லீனுக்கு. நிலத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

நாற்பத்தொரு பக்கம். இரண்டு வக்கீல்களுக்கும் ஆளுக்கொரு பிரதி தரப்பட்டது. மூன்றாவது பிரதி ஒன்றை ஜட்ஜம்மா க்ளெமிடம் நீட்டி, பின்வரிசையைக் காட்டினார். மார்லீன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் பக்கத்தில் விரலை வைத்தார்.

இப்போது ஜட்ஜ் எழ வேண்டும். அவர் எழுந்து போனால்தான் மற்றவர்கள் போக முடியும். ஜட்ஜ் மேடையில் இருக்கும்வரை வக்கீல்கள் தங்கள் மேஜையைக் காலியாக விட்டுவிட்டுப் போவதில்லை. அது இங்கே எழுதாத சட்டம். பாஸ்கோவின் சட்டைப் பையில் பிரிவு உபசார உரை இருந்தது. 'எதையும் தாமதிக்காதவர்' என்ற வரி அதில் இருப்பதாகக் கேள்வி. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். ஜட்ஜம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, பின்வரிசையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

கெல்வின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து முடித்துவிட்டார். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. அவர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. அண்ணனாகப் பிறந்தும் இத்தனை வருடம் தங்கைக்குப் பயந்தே வாழ்ந்தவர், இப்போது அவள் முகத்தைப் பார்க்க நினைப்பதும் பார்க்காமல் விடுவதுமாக இருந்தார்.

மூன்றரைக்குத் தலைமை நீதிபதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து கதவோரம் நின்று க்ளெமிடம் ஏதோ சொன்னார். க்ளெம் மேடைக்கு வந்து குனிந்தார்.

"மந்திரி வந்துட்டாராம், ஜட்ஜம்மா."

"உக்காரச் சொல்லு."

"ஜட்ஜம்மா எப்ப வருவாங்கன்னு கேக்கறாங்க."

"தெரியலன்னு சொல்லு."

நான்கு மணிக்கு அந்தப் பெண்மணி மறுபடி வந்தார். இந்த முறை க்ளெமே தலையாட்டி அனுப்பிவிட்டார். மார்லீன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டார். உதடு அசைய அசைய, ஒவ்வொரு வரியாகப் போனார்.

நான்கேகாலுக்குக் கதவு மூன்றாம் முறையாகத் திறந்தது. ஜட்ஜம்மா அந்தப் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தி நிறுத்தினார். மார்லீன் இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பப் போனவர், என்னவோ விட்டுப்போனதைப் போல, மறுபடி மேல் வரிக்குப் போனார். உயர்த்திய கை இறங்கவில்லை.