மெர்பாவ் மேசையும் ஐந்தாவது மாடியும்

என் எழுத்து போகப்போகக் கீழே சரிந்துவிடும். பிழைகளும் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ்டவுனில் ஒரு மரச்சாமான் கடையில் வேலை செய்கிறேன். விற்ற சாமான்களை வீடுகளில் கொண்டுபோய் இறக்க வேண்டும். மரங்களை எனக்குத் தோளால்தான் தெரியும். ரப்பர் மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கதை பேசியபடியே படியேறலாம். மெராந்தி அலமாரியும் பரவாயில்லை. நியாத்தோ கட்டில் என்றால் இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கும். மெர்பாவ் வந்தால் பேச்சே நின்றுவிடும்.

படியில் ஏற்றும்போது கீழ்ப்பக்கம் பிடிப்பவர்மேல்தான் பாரம் முழுவதும் இறங்கும். முன்பெல்லாம் நானும் கூட வேலை செய்யும் அண்ணனும் முறை வைத்துக் கீழே நிற்போம். என் முழங்கால் கெட்டுப்போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தூக்க முடியாதவனுக்குக் கடையில் வேறு வேலை கிடையாது. அண்ணனும் எதுவும் கேட்கவில்லை. "நீ மேல போ தம்பி, எனக்குக் கீழதான் வசதி" என்று ஒவ்வொரு முறையும் அவரே கீழே போய்விடுவார்.

சென்ற மாதம் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் பழைய மெர்பாவ் மேசை ஒன்றைக் கொண்டுபோனோம். ஐந்தாவது மாடி. லிப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடித் திருப்பத்தில் அண்ணன், "வை, வை" என்றார். வைத்தோம். அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பில் அகலமான பெல்ட்.

"குடலிறக்கம். தூக்காதேன்னு டாக்டர் சொல்லி ரொம்ப நாளாச்சு."

"ஏண்ணே சொல்லல?"

"நீ உன் முட்டியப் பத்திச் சொன்னியா?"

மேசை வாங்கிய அக்கா மேலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, அங்கயே குடும்பம் நடத்தப் போறீங்களா?"

"நாங்க வரோம்க்கா. மேசைதான் வரமாட்டேங்குது," என்றார் அண்ணன்.

முதலாளியிடம் எப்போதும் அவர்தான் பேசுவார். எனக்குப் போனை எடுத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று அவருக்கு மூச்சே சரியாக வரவில்லை. நானே கூப்பிட்டேன்.

"பாஸ், இன்னொரு ஆள் வேணும்."

"ஒரு மேசைதானே லா?"

"மெர்பாவ், பாஸ். எனக்கு முட்டி போயிருச்சு. அண்ணனுக்குக் குடல் இறங்கியிருக்கு. எங்களால முடியாது."

அவர் போனை வைத்துவிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் முதலாளியே வந்தார். கை கொடுக்க எழுந்த அண்ணனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கீழ்ப்பக்கத்தைத் தானே பிடித்தார். நான் மேலே. ஒரு மாடி ஏறுவதற்குள் பல தடவை வைக்கச் சொன்னார். ஐந்தாவது மாடியில் அந்த அக்கா கொடுத்த மைலோவைக் குடித்து முடிக்கும்வரை அவருக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, "இவ்ளோ கனம்னா முன்னாடியே சொல்லணும் லா," என்றார்.

இப்போது அண்ணன் வேன் மட்டும் ஓட்டுகிறார். கனமான மரத்துக்குப் புதிதாக ஓர் ஆள் கூட வருகிறார், கீழ்ப்பக்கம் அவருக்கு. நான் மேல்பக்கம் பிடித்துக்கொண்டு இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். மாலையானால் முட்டி வீங்குகிறது. இன்று கடை இல்லை. தைலம் தேய்த்துக் காலை நீட்டிக்கொண்டு இதை எழுதினேன்.

ஆடி மாதம், இரண்டாம் ஞாயிறு.